அன்வருதீனின் துன்ப நாள்

முல்லா வீதியில் தையற்கடை வைத்திருந்த அன்வருதீனுக்கு நாற்பத்தாறு வயது வரைக்கும் யாரும் ஒரு காகிதம் எழுதியதில்லை. கடிதம் எழுதவேண்டிய தூரத்தில் அவருக்குச் சொந்தக்காரர் இல்லை. இருந்தவர்கள் எல்லாரும் கூப்பிடு தூரத்திலேயே இருந்து தொந்தரவு செய்தார்கள். ஆகவே 1958-ஆம் வருஷம், மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, கோர்ட்டு ஆள் ஒருவர் சைக்கிளில் வந்திறங்கி மூன்று முத்திரை குத்திய காகிதத்தை நீட்டியபோது அவர் முதலில் சந்தோஷமே பட்டார்.

"கையெழுத்துப் போடு பாய்."

"என்னா விஷயம்?"

"குடுத்தேன்னு கையெழுத்து. விஷயம் உள்ள இருக்கும்."

விஷயம் உள்ளேதான் இருந்தது. வெளியே வரவில்லை.

அன்வருதீன் படிக்கத் தெரியாதவர் அல்லர். தினமும் காலையில் பேப்பரை உரக்கப் படித்து, கடைக்கு வந்தவர்களுக்கு உலக நடப்பைச் சொல்பவர். அவர் காகிதத்தைப் பிரித்து முதல் வாக்கியத்தைத் தொடங்கினார். அது முதல் பக்கத்தைத் தாண்டி இரண்டாம் பக்கத்துக்குப் போயிற்று. விரலை நனைத்துப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தின் அடியில், முத்திரைக்குக் கீழே, ஒரு புள்ளி வந்தது. அதுவும் மைத்துளியாக இருக்கலாமோ என்று அவருக்குச் சந்தேகம்.

நடுவில் ஒரு பகுதி மட்டும் கொஞ்சம் பிடிபட்டது. அதை மனைவி கரீமாவுக்குப் படித்துக் காட்டினார்:

"'எதிராளியானவர் தமக்குச் சட்டம் அனுமதித்துள்ள துன்ப நாளோடு அமையாமல், அயலார்மீது நேர்ப்பார்வை என்னும் அடிமைத்தனத்தைச் சுமத்தியிருப்பதால், மேற்படி துன்ப நாளைத் தரையிலிருந்து இருபத்தாறு டெசிமீட்டர் உயரத்துக்குத் தூக்கவோ, அன்றி முப்பது நாளுக்குள் நிரந்தரமாக அடைத்துவிடவோ செய்யக் கடவர்…'"

கரீமா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தினாள். "துன்ப நாளா? யாருக்கு?"

"எனக்குத்தான். சட்டம் அனுமதிச்சிருக்காம்."

"அதை ஏன் தூக்கணும்?"

அன்வருதீன் அளவு நாடாவை எடுத்தார். அதன் ஒரு பக்கம் அங்குலம், மறு பக்கம் பிரெஞ்சு அளவு. இருபத்தாறு டெசிமீட்டர் என்பது இருநூற்று அறுபது சென்டிமீட்டர் என்று கணக்குப் போட்டு, முக்காலியில் ஏறிச் சுவரில் சாக்கட்டியால் கோடு கிழித்தார். இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தார். உத்திரத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆளைத் தொங்கவிட்டால் கால் தரையில் படாது. நாலு பேருக்கு அளவெடுத்துப் பழகிய கண் அல்லவா, ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

"கரீமா, என்னைத் தூக்குல போடப் போறாங்க."

"அல்லாவே! நீங்க என்னா பண்ணீங்க?"

"யாரையோ பாத்துட்டேனாம். நேரா."

அடுத்த பதினோரு நாளும் அவர் சாகப்போகிறவராக வாழ்ந்தார். தீபாவளிக்குக் கொடுத்த சட்டையைப் பொங்கலுக்கும் வாங்க முடியாத வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் அந்தப் பதினோரு நாளில் வாங்கிப்போனார்கள். யாருடைய மனத்தாங்கலோடும் போகக்கூடாது என்று ராப்பகலாய்த் தைத்தார். காஜா பிரிந்தவை, கை ஏறியவை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் சரிசெய்தார். அந்தக் காகிதத்தை எழுதினவர் யாரோ, நன்றாக இருக்கட்டும் என்று முல்லா வீதியில் பலர் மனதார வாழ்த்தினார்கள்.

பன்னிரண்டாம் நாள், முழுக்கால் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த முருகையன்தான் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்குன்னே ஒரு மன்றம் இருக்கே பாய்!" என்றார். "வக்கீலுங்க எழுதறது ஜனங்களுக்குப் புரியணும்னு வக்கீலுங்களே வச்சிருக்காங்க. பெரிய வாய்க்கால் பக்கத்துல, மாடியில."

பிரெஞ்சுக்காரர் கப்பலேறி மூன்று வருஷத்துக்கு மேலாகியும் அவர்களுடைய சட்டம் கப்பலேறவில்லை. அது பாட்டுக்கு இங்கேயே இருந்தது. கூடவே கடலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் இங்கிலீஷ் படித்த வக்கீல்கள் வந்து சேர்ந்தார்கள். பிரெஞ்சில் எழுதினால் இவர்களுக்குப் புரியவில்லை, இங்கிலீஷில் எழுதினால் பிரெஞ்சு படித்த உள்ளூர் வக்கீல்களுக்குப் புரியவில்லை. தமிழில் எழுதினால் இருவருக்குமே புரியவில்லை. இந்த அவலத்தைப் போக்கப் பிறந்ததுதான் 'நீதித்துறைத் தெளிநடை எழுத்து வளர்ச்சி மன்றம்'.

மன்றத்தின் பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் முழுப்பெயரோடு தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அதனால் அது மாடிப்படியின் வாசலை மறைத்துவிட்டது. அன்வருதீன் வீதியில் இரண்டு முறை நடந்து, கடைசியில் பலகைக்குப் பின்னாலிருந்து ஒருவர் வெளியே வருவதைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்.

மேலே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தலைவர் தெய்வசிகாமணி பிரெஞ்சுச் சட்டத்தில் பழுத்தவர். வெயிலிலும் கோட்டுப் பொத்தானைக் கழற்றாதவர். பேசிக்கொண்டிருந்தார்.

"அன்பர்களே! எளிமை என்பது யாதெனில், எளிமை அல்லாதது எதுவோ அது அல்லாதது என்று சுருக்கமாகச் சொல்லி, அந்தச் சுருக்கத்தை விரித்துரைக்க முற்படுகிறேன்…"

விரித்துரைத்தார். அருகே செயலாளர் சக்கரபாணி, கடலூர்க்காரர், இங்கிலீஷ் வக்கீல், குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். எந்த வாக்கியமும் அறுபது சொல்லைத் தாண்டக்கூடாது என்று மன்றத்தில் ஒரு விதி உண்டு. அந்த விதி இருநூற்றுப் பதினான்கு சொல்லில் இருந்தது. முற்றுப்புள்ளியைப் பற்றி ஆராய ஒரு துணைக்குழு போட்டிருந்தார்கள். அது ஏழு மாதமாக முடியவில்லை.

கதவருகே நின்ற அன்வருதீனைச் சக்கரபாணிதான் முதலில் கவனித்தார். "யாருப்பா நீ? வக்கீலா?"

"இல்லீங்க. டெய்லரு."

"சட்டம் ஏதாவது படிச்சிருக்கியா?"

"இல்லீங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடிற்று. தலைவர் பேச்சையே நிறுத்திவிட்டார். பதினான்காம் விதிப்படி ஒவ்வொரு கூட்டத்திலும் 'சாதாரண மனிதர்' ஒருவர் இருக்கவேண்டும். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. உறுப்பினர் யாரும் அதற்குச் சம்மதிக்கவில்லை. கைத்தட்டலுக்கிடையே அன்வருதீனை அதில் உட்காரவைத்தார்கள்.

"ஐயா, நான் ஒரு காயிதம்…"

"சாதாரண மனிதர் பேசுவது நிகழ்ச்சி நிரலில் எட்டாவது" என்றார் சக்கரபாணி.

எட்டாவது வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் தெளிவை வலியுறுத்தி ஐந்து தீர்மானங்கள் நிறைவேறின. ஒவ்வொன்றையும் படித்ததும், "சாதாரண மனிதருக்குப் புரிந்ததா?" என்று கேட்டார்கள். அன்வருதீன் மரியாதைக்குத் தலையாட்டினார். அது குறிப்பேட்டில் ஏறிற்று.

கடைசியில் காகிதம் தலைவர் கைக்குப் போனது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்த தெய்வசிகாமணியின் முகம், பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் கண்ட தகப்பன் முகமாக மலர்ந்தது.

"இது நான் எழுதியது!"

வழக்குப் போட்ட பின்வீட்டுச் செல்வாம்பாளின் வக்கீல் அவர்தான். பிரெஞ்சில் எழுதி, தமிழாக்கத்தையும் அகராதியை வைத்துக்கொண்டு தாமே செய்திருந்தார்.

"இதில் எந்தச் சொல் உமக்கு விளங்கவில்லை?"

"சொல்லு எல்லாம் விளங்குது முசியே. தனித்தனியா விளங்குது. ஒண்ணா சேந்தாத்தான் பயமா இருக்குது. என்னைத் தூக்குல போட்ருவாங்களா?"

தெய்வசிகாமணி சிரித்தார். "இது சிவில் வழக்கு. சிவில் வழக்கில் ஒருவரைத் தூக்கிலிட வேண்டுமானால் தனியாக மனுச் செய்யவேண்டும். என் கட்சிக்காரர் செய்யவில்லை."

அன்வருதீனுக்கு உயிர் பாதி வந்தது. மீதியைச் சக்கரபாணி கொடுத்தார். "பிரெஞ்சுல நாளுக்கும் ஒரே சொல்லு, வெளிச்சம் வர்ற ஓட்டைக்கும் ஒரே சொல்லு. துன்பத்துக்கும் பொறுத்துக்கறதுக்கும்கூட அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கிட்டு விட்டுவச்ச ஓட்டை. அதைத்தான் தலைவர் துன்ப நாள்ன்னு எழுதியிருக்கார். அதாவது உன் கடைச் சன்னல்."

"சன்னலா?"

"ஆட்சேபணை!" என்று தெய்வசிகாமணி எழுந்தார். "சன்னல் என்பது சட்டச் சொல் அல்ல. அதை எவரும் புரிந்துகொள்ளலாம். இவர் புரிந்துகொண்டாரே, பாருங்கள்!"

ஆட்சேபணை ஏற்கப்பட்டது. சன்னல் குறிப்பேட்டிலிருந்து நீக்கப்பட்டது. மன்றத்தின் அந்த வருஷத் தங்கப் பதக்கப் போட்டிக்கு அன்வருதீனின் காகிதத்தையே சேர்த்துக்கொள்ளவும் முடிவாயிற்று. எழுதினவரே தலைவராக இருப்பது முறையா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். முறையே என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

வீடு திரும்பும் வழியில்தான் அன்வருதீனுக்கு உறைத்தது. உயிர் போகாது, சன்னல் போகும்.

அந்தச் சன்னல் கடையின் பின்சுவரில் மார்பளவு உயரத்தில் இருந்தது. எதிரே மாடி வீடு கட்டியபிறகு முன்பக்கத்து வெளிச்சம் போய்விட்டது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுவதெல்லாம் இந்தப் பின்சன்னல் தயவில்தான். உத்திரத்துக்குக் கீழே கொண்டுபோனால் பல்லிக்கு வெளிச்சம் கிடைக்கும், ஊசிக்குக் கிடைக்காது. இந்த வயதில் கண்ணை நம்பி வேறு என்ன தொழில் செய்வது?

"தூக்குன்னே இருந்திருக்கலாம்" என்றார் கரீமாவிடம்.

"வாயைக் கழுவுங்க. பதில் எழுதிப் போடச் சொல்லுங்க அவங்களையே."

மன்றம் உடனே ஒப்புக்கொண்டது. சாதாரண மனிதருக்காக ஒரு முன்மாதிரிப் பதில். ஒரு வாரத்தில் சக்கரபாணி அதைக் கொண்டுவந்து கடையிலேயே கொடுத்தார். பத்தொன்பது பக்கம். இங்கிலீஷ் வழக்கப்படி எல்லாவற்றையும் மும்மூன்று தடவை சொல்லியிருந்தது: 'தருகிறேன், வழங்குகிறேன், அளிக்கிறேன்' என்று.

"எதைங்க தர்றேன்?"

"சன்னலை."

அன்வருதீன் எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். "அவங்க அடைக்கச் சொல்றதை நானே அடைக்கிறேன்னா சொல்றேன்?"

"பதினோராம் பக்கத்துல சொல்றே. மறுத்து எழுதிப் பார்த்தேன்பா. ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டுக் குழப்பமா வந்துது. ஒத்துக்கிட்டா எவ்வளவு தெளிவா இருக்கு பாரு! சாதாரண மனிதருக்கு அதுதானே முக்கியம்?"

அவர் போனபிறகு அன்வருதீன் பத்தொன்பது பக்கத்தையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பெரிய வக்கீலைப் பார்ப்பதா, பெரிய மனிதர் யாரையாவது பிடிப்பதா என்று யோசித்தார். யோசனை எங்கும் போகவில்லை. முதுகுப்பக்கம் யாரோ இருமினார்கள். திரும்பிப் பார்த்தார். சன்னலுக்கு அந்தப்புறம், தோட்டத்தில், செல்வாம்பாள் பாயில் வடகம் பிழிந்துகொண்டிருந்தாள்.

உழவர்கரையில் நிலம் நீச்சு உள்ள குடும்பத்து அம்மாள். கணவர் போனபிறகு டவுன் வீட்டில் தனியாக இருப்பவள். பத்து வருஷமாக அந்தச் சன்னலின் இரண்டு பக்கமும் இருவரும் வேலை செய்தார்கள். பேசினதில்லை. சண்டையும் இல்லை.

அன்வருதீன் தொண்டையைச் செருமினார். "அம்மா."

அவள் நிமிரவில்லை. "பேசக்கூடாது பாய். கேஸு நடக்குதில்ல?"

"நான் உங்களை நேரா பாத்துட்டேன்னு எழுதியிருக்குதும்மா. அல்லா மேல ஆணையா நான் துணியைத் தவிர எதையும் பாத்ததில்ல."

இப்போது நிமிர்ந்தாள். "என்னாது? நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"காயிதத்துல இருக்குது. அடிமைத்தனம் பண்ணிட்டேனாம்."

"கருமம்!" செல்வாம்பாள் கையை உதறிவிட்டுச் சன்னலருகே வந்தாள். "அந்த வக்கீலு வேற ஒரு பத்திரத்துக்காக வந்தாரு. வந்த இடத்துல ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ இஸ்திரிப் பெட்டிச் சாம்பலை இந்தச் சன்னல் வழியா தட்டற பாரு, அது வடகத்து மேல வந்து உக்காருது. கொட்ட வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கன்னேன். ஒரு வார்த்தைதான் சொல்லச் சொன்னேன்!"

"சாம்பலா?"

"சாம்பல்தான். மூணு பக்கத்துல அது இல்லியா?"

இருவருமாகத் தேடினார்கள். சாம்பல் எங்கும் இல்லை. வடகமும் இல்லை.

"எனக்கும் ஒரு நகலு வந்துது" என்றாள் செல்வாம்பாள், குரலைத் தாழ்த்தி. "என் தோட்டத்தை உனக்கு எழுதிக் குடுத்துட்டேனோன்னு நெனச்சு நான் இருபது நாளா சரியா சோறு திங்கல. ஏன் பாய், நீயாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்க சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேனேம்மா. இனி முன்பக்கம் கொட்டிக்கறேன். மன்னிச்சுக்குங்க."

வழக்கு அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் முடிந்துபோயிற்று. ஆனால் அது கோர்ட்டுக்குத் தெரியாதே? அன்வருதீன் ஒரு தாளும் பேனாவும் நீட்ட, செல்வாம்பாள் சன்னல் கட்டையிலேயே வைத்து எழுதினாள்: 'அன்வருதீன் இனிச் சாம்பல் கொட்ட மாட்டார். சன்னலை அடைக்க வேண்டாம். எனக்கு வழக்கு இல்லை. செல்வாம்பாள்.'

கோர்ட்டு குமாஸ்தா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "மீதி எங்கே?"

"அவ்வளவுதாங்க."

"இதை நான் எடுத்துக்க முடியாது. தெளிவு சந்தேகமா இருந்தா மன்றத்தோட கருத்து வேணும்."

மன்றம் அவசரக் கூட்டம் போட்டது. தெய்வசிகாமணி தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"அன்பர்களே, முப்பது வருஷம் தொழில் செய்தேன். இப்படி ஒரு காகிதத்தை நான் கண்டதில்லை. படித்தவுடனே புரிகிறது! இரண்டாம் முறை படித்தால் அதே பொருள்தான் வருகிறது. வேறு பொருள் சொல்ல இடமே இல்லை. இடமே இல்லையென்றால், அதில் வக்கீல் எங்கே நிற்பார்? நாம் தெளிவுக்காகப் பாடுபடுகிறவர்கள். ஆனால் தெளிவு நம் வழியாக வரவேண்டும். ஒரு பெண்பிள்ளை வடகம் பிழிந்த கையோடு எழுதிவிடக்கூடிய தெளிவு யாருக்கு வேண்டும்?"

தாளை ஏற்கக்கூடாது என்பதைச் சக்கரபாணி வழிமொழிந்தார். பிரெஞ்சு வக்கீல்களும் இங்கிலீஷ் வக்கீல்களும் மன்றத்தில் ஒருமனதாகக் கைதூக்கியது அதுதான் முதல் தடவை. பிறகு வழக்கப்படி சாதாரண மனிதரைக் கேட்டார்கள்.

"உமக்குப் புரிந்ததா?"

"நல்லா புரியுதுங்க" என்றார் அன்வருதீன்.

சட்டக் காகிதம் தானாகவே புரிகிற ஒருவரைச் சாதாரண மனிதர் என்று கொள்ள முடியாது என்று அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார்கள்.

இருபத்தொன்பதாம் நாள் வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிபதிக்கு ஜலதோஷம். தெய்வசிகாமணி ஒன்றரை மணி நேரம் பேசினார். அன்வருதீன் அமர்த்தாமலே சக்கரபாணி எழுந்து அவருக்காக ஒரு மணி நேரம் பேசி, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டே செல்வாம்பாளைப் பார்த்தார்.

"உங்களுக்குள்ளே என்னம்மா தகராறு?"

"ஒண்ணும் இல்லீங்க. சாம்பலு. அது பேசிக்கிட்டோம்."

நீதிபதி கைக்குட்டையை எடுத்த கை அப்படியே நின்றது. அந்த ஆசனத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் கேட்ட கேள்விக்கு யாரும் நேரடியாகப் பதில் சொன்னதில்லை போலும். ஒரு கணம் அவர் முகத்தில் ஆசை மாதிரி ஏதோ வந்தது. பிறகு அவரும் சட்டம் படித்தவர்தானே என்பது நினைவுக்கு வந்துவிட்டது.

"தீர்ப்பு எழுத்தில் வரும்" என்று எழுந்து போனார்.

மூன்று வாரம் கழித்து வந்தது. பதினான்கு பக்கம். சன்னலுக்கு அன்வருதீன் இந்தப்புறமும் செல்வாம்பாள் அந்தப்புறமுமாக நின்று படித்தார்கள். நாலாம் பக்கத்தில் சன்னல் பிழைத்த மாதிரி இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் செத்துப்போயிற்று. பன்னிரண்டாம் பக்கத்தில், 'மேலே கண்டவாறன்றி மேலே கண்டவாறே' ஏதோ நடக்கவேண்டும் என்று இருந்தது. கரீமா மட்டும், "திரும்ப அந்த மன்றத்துக்குப் போனீங்கன்னா நான் அரியாங்குப்பத்துக்கு எங்க அத்தா வீட்டுக்குப் போயிருவேன்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். அந்த வாரமே அந்தத் தீர்ப்புக்கு மன்றம் தங்கப் பதக்கம் அளித்தது. தம் காகிதத்தை நீதிபதிக்காக விட்டுக்கொடுத்த தெய்வசிகாமணியின் பெருந்தன்மையை எல்லாரும் பாராட்டினார்கள்.

பதக்கம் கொடுத்த மறுநாள் தீர்ப்பை நிறைவேற்ற ஆள் வந்தது. ஒரு கோர்ட்டு அதிகாரி, ஒரு கொத்தனார், ஒரு வண்டிச் செங்கல். தீர்ப்பில் அடைக்கச் சொல்லியிருந்தால் அடைப்பதற்காக. அன்வருதீன் தைத்துக்கொண்டிருந்த கோட்டை மெதுவாகக் கீழே வைத்தார். ஊசி கையிலேயே இருந்தது.

அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்து பதினான்கு பக்கத்தையும் படிக்கத் தொடங்கினார். கொத்தனார் சுண்ணாம்பைக் குழைத்து முடித்தார். வெற்றிலை போட்டார். துப்பினார். அதிகாரி ஏழாம் பக்கத்தில் இருந்தார். வெயில் உச்சிக்கு வந்தது. அதிகாரி பதினான்காம் பக்கத்தை முடித்து, மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

கொத்தனாருக்கு நோணாங்குப்பத்தில் இன்னொரு வேலை இருந்தது. சுண்ணாம்பு வேறு இறுகிக்கொண்டிருந்தது. கரணையோடு எழுந்து சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"யம்மா! இதை அடைக்கணுமா?"

"வேணாம்பா" என்றாள் செல்வாம்பாள்.

"சரி." கொத்தனார் சுண்ணாம்பை வழித்துக் கூடையில் போட்டார். செங்கல் வண்டியைத் திருப்பினார். போய்விட்டார்.

அதிகாரி திகைத்துப்போய் வாசலைப் பார்த்தார். பிறகு அன்வருதீனைப் பார்த்தார். "இதை நான் ரிப்போர்ட்டுல எப்படி எழுதறது?"

"வேணாம்னுட்டாங்கன்னு எழுதுங்க."

"அப்படியெல்லாம் எழுத முடியாது பாய்." அவர் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து, எழுத வசதியாகச் சன்னல் கட்டைக்கே போய், குறுக்கே முதுகை வளைத்து நின்றுகொண்டு எழுதத் தொடங்கினார். நான்காம் பக்கத்தில் இருந்தபோது மணி மூன்று.

அன்வருதீன் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். கறுப்புத் துணி. கறுப்பு நூல். ஊசிக் காதைக் கண்ணுக்கு நேரே பிடித்து இரண்டு முறை முயன்று பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா" என்றார். "வெளிச்சத்தை மறைக்கிறீங்க."